‘நான் விலையேறப்பெற்றவன்’ அட்டைகள்: வாங்குமுன் எழுவாயைப் பாருங்கள்

தாழ்வு மனப்பான்மைக்கு மருந்து என்று கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். வசன அட்டைப் பெட்டி, நாற்பது நாள் தியானக் குறிப்பேடு, தினம் ஒரு வசனம் அனுப்பும் ஆப், குழுவாகக் கூடிப் படிக்கும் பாடப் புத்தகம். நான்கும் தரும் வாக்கு ஒன்றுதான்: தேவன் உன்னை நேசிக்கிறார், ஆகவே நீ மதிப்புள்ளவன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பதும் அதையே சொல்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பல நேரம் சொல்வதில்லை. எனவே ஒரு குறிப்பிட்ட வெளியீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், இந்தச் சரக்கு முழுவதையும் எப்படித் தரம் பார்ப்பது என்று இங்கே எழுதுகிறோம்.

அதிகம் விற்பதும் அதிகம் பிசகுவதும் அட்டைப் பெட்டிதான். அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

பெட்டியிலிருந்து பத்து அட்டைகளை உருவி மேசையில் பரப்புங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று பாருங்கள். பள்ளியில் படித்த அதே எழுவாய்தான். ‘நான் வல்லமையுள்ளவள்’, ‘நான் வெற்றி பெறுவேன்’, ‘நான் எதையும் சாதிப்பேன்’ என்று பத்தில் ஏழெட்டு ‘நான்’ என்று தொடங்கி, வசன எண் மட்டும் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம். ‘அவர் உன்பேரில் சந்தோஷமாய் மகிழ்ந்து’ (செப்பனியா 3:17) என்பது போல வினையைச் செய்பவர் தேவனாக இருக்கும் அட்டைகள்தாம் வேலை செய்யும். காரணம் எளிது. ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியத்தை எது தாங்க வேண்டும்? அதைச் சொல்பவரின் அன்றைய மனநிலை. இவை தேவைப்படுகிற நாளில் இல்லாமல் போவதே அந்த மனநிலைதானே.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2009-இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் ஜோன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மணியோசை கேட்கும்போதெல்லாம் ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருளுள்ள வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லச் சொன்னார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்திருந்தவர்களுக்கு அதனால் கொஞ்சம் நன்மை. தன்மதிப்பு தாழ்ந்திருந்தவர்களோ சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். மருந்து யாருக்கு வேண்டுமோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை. ‘நான் அன்புக்குரியவன்’ என்றதும் உள்ளிருந்து ‘அப்படியா? போன வாரம் நடந்தது நினைவில்லையா?’ என்று ஒரு குரல் எழுகிறது. ஓரத்தில் வசன எண் போட்டுவிட்டால் அந்தக் குரல் அடங்கிவிடாது. சபைகளில் ‘அறிக்கையிடுதல்’ என்ற பெயரில் இதையே உரக்கச் செய்வதும் உண்டு. சத்தம் கூடினால் வாக்கியத்தின் எழுவாய் மாறிவிடாது.

அடுத்து மூன்று புள்ளிகளைத் தேடுங்கள். வசனத்தின் முன்னோ பின்னோ நடுவிலோ ‘...’ இருந்தால், வெட்டியது என்ன என்று வேதாகமத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். எரேமியா 29:11 இல்லாத அட்டைப் பெட்டியே கிடையாது எனலாம். ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற அழகான பகுதி அது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று காலக்கெடு இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பிப்போவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு இந்த அட்டையைச் சுவரில் ஒட்டியவர், மூன்றாம் மாதம் தன் விசுவாசத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டுகிறார். தன்மதிப்புக்கென்று வாங்கிய பொருளே அவரை இன்னொரு படி கீழே இறக்குகிறது.

இதே வசனத்தில் தமிழ் வாசகர்கள் சட்டென்று பிடிக்கக்கூடிய ஒன்றும் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் அது ‘உங்கள்பேரில்’. பன்மை. ஆங்கில அட்டையைத் தமிழாக்குகிறவர்கள் அங்கே ஒருமையா பன்மையா என்று தெரியாமல் ‘உன்பேரில்’ என்று போட்டுவிடுகிறார்கள். வேதாகமத்தோடு ஒத்துப்பார்த்து அட்டையில் ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகியிருந்தால், அந்த வெளியீட்டாளர் மூலத்தைத் திறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தரம் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இதற்கு மறுபக்கமாக, நம் மொழி தரும் ஒரு வசதியும் இருக்கிறது. ரோமர் 5:8-இல் ‘நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே’ என்கிறது. ‘நாங்கள்’ இல்லை, ‘நாம்’. வாசிக்கிறவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல். கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாட்டுக்குத் தனிச் சொல் கிடையாது. இந்த அட்டையில் யார் பெயரையும் தனியாக எழுத வேண்டியதில்லை; அந்த ‘நாம்’ ஏற்கெனவே எழுதிவிட்டது.

இடம் மாறிப்போன வசனங்களில் மோசமானது நீதிமொழிகள் 23:7. ‘அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவன் இருக்கிறான்’ என்பதை ‘உன்னைப் பற்றி உயர்வாக நினை, உயர்வாய்’ என்ற பொருளில் அச்சடிக்கிறார்கள். முந்தின வசனத்தைப் படியுங்கள்: ‘வன்கண்ணனுடைய ஆகாரத்தைப் புசியாதே’. ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று வாயால் சொல்லிக்கொண்டே மனசுக்குள் கவளம் எண்ணுகிற ஒரு கருமியைப் பற்றிய எச்சரிக்கை அது. அதை எடுத்துச் சுயமதிப்பு அட்டையில் போடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். உன்னதப்பாட்டு 4:7 (‘உன்னில் பழுதொன்றுமில்லை’) அந்த அளவுக்குத் தவறில்லை. கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள அன்பாக அந்தப் புத்தகத்தை வாசிக்கும் மரபு மிகப் பழையது. ஆனால் தோற்றத்தால் காயப்பட்ட ஒருவரிடம் அதை நீட்டினால், பேச்சு மறுபடியும் கண்ணாடிக்கே போய்ச் சேர்கிறது. அவருக்கு எபேசியர் 2:10 நல்லது: ‘தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்’. செய்தவர் யார் என்று சொல்கிறது, எப்படி இருக்கிறது என்ற பேச்சையே எடுப்பதில்லை.

சரி, நல்ல அட்டை என்பது எப்படி இருக்கும்? ஏசாயா 43:4-ஐ எடுத்துக்கொள்வோம்: ‘நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய், நானும் உன்னைச் சிநேகித்தேன்’. ‘என் பார்வைக்கு’ என்ற சொல்லை விட்டுவிடாமல் அச்சடித்திருக்க வேண்டும். அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்டுவது அந்தச் சொல்தான். ‘கனம்’ என்பதும் கவனிக்க வேண்டியது. தமிழில் அது எடையும் ஆகும், மதிப்பும் ஆகும். எபிரெயத்தில் அங்கே வரும் வினையின் வேருக்கும் அதே இரட்டைப் பொருள். ‘என்னை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை’ என்று ஊதினால் பறந்துபோகும் தூசியாகத் தன்னை உணர்கிறவரிடம் ‘உனக்கு எடை இருக்கிறது’ என்று சொல்கிற வசனம் இது. இதன் பின்னணியும் முக்கியம். அதற்கு முந்தின அதிகாரம் இந்த வார்த்தையைக் கேட்ட அதே இஸ்ரவேல் ஜனத்தைச் செவிடர், குருடர் என்று கூப்பிடுகிறது. இதே 43-ஆம் அதிகாரத்தின் 24-ஆம் வசனம், உன் பாவங்களினால் என்னைச் சங்கடப்படுத்தினாய் என்கிறது. ஆக, எல்லாம் தெரிந்தே சொன்ன வார்த்தை இது. ‘என் உண்மை நிலை தெரிந்தால் நேசிப்பாரா’ என்ற பயத்துக்குப் பதில் அதே அதிகாரத்திலேயே இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தில் இந்தப் பின்னணியை நாலு வரி எழுதியிருந்தால் அந்த வெளியீட்டை நம்பி வாங்கலாம். பின்பக்கம் பூப்படம் மட்டும் என்றால் யோசியுங்கள்.

லூக்கா 12:6-7 இன்னொன்று. மத்தேயு 10:29-இல் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வர வேண்டும், ஐந்தாவது கொசுறு. அந்தக் காசு கிரேக்கத்தில் அஸ்ஸாரியன், ஒரு நாள் கூலியான தெனாரியத்தில் பதினாறில் ஒரு பங்கு. அவ்வளவு மலிவான சரக்கில் விலையே இல்லாமல் சேர்த்துக் கொடுத்த அந்தக் கொசுறுக் குருவியையும் சேர்த்துத்தான் ‘அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை’ என்கிறார் இயேசு. தன்னை எந்தக் கூட்டத்திலும் கொசுறாகவே உணர்கிறவருக்கு இதைவிட நேரடியான வசனம் இல்லை. வியப்பு என்னவென்றால் பெரும்பாலான பெட்டிகளில் இது இருப்பதில்லை. கிரீடம் வரைய இடமில்லாததாலோ என்னவோ.

குறிப்பேடுகளுக்கு வருவோம். இங்கே பிரிக்க வேண்டியவை இரண்டு: மதிப்பும் தகுதியும். ‘நீ தகுதியானவன்’ என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் குறிப்பேடு, சுவிசேஷம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. லூக்கா 15-இல், தகப்பனிடம் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்ட இளைய மகன் பன்றிகளிடையே உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயாரிக்கிறான். அதில் மூன்று பகுதி: பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டை நெருங்கி அவன் அதைச் சொல்லத் தொடங்கும்போது (21-ஆம் வசனம்) முதல் இரண்டும் வருகின்றன. மூன்றாவது வரவில்லை. தகப்பன் வேலைக்காரரைப் பார்த்து வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று பேச ஆரம்பித்துவிடுகிறார். கவனியுங்கள், ‘இல்லை மகனே, நீ பாத்திரன்தான்’ என்று அவர் மறுக்கவே இல்லை. தகுதியைப் பற்றி அவன் சொன்னது சரிதான். அவர் பேச விடாதது கூலிக்காரன் என்ற பகுதியை. தகுதி போனதால் மகன் என்ற உறவும் போய்விட்டது என்று அவன் போட்ட கணக்கை மட்டும் அடித்துவிடுகிறார்.

ஒரு குறிப்பேடு இந்தப் பகுதியை எப்படிக் கையாள்கிறது என்பதே அதன் தரத்துக்குச் சரியான சோதனை. ‘உன்னிடம் குறையே இல்லை’ என்று எழுதினால் வாசிப்பவரின் மனசாட்சி நம்பாது. ‘நீ புழு, ஆனாலும் பாவம் போ என்று ஏற்றுக்கொண்டார்’ என்ற தொனியில் எழுதினால் கூலிக்காரன் திரும்பி வந்துவிடுகிறான். குறையும் உண்மை, மகனாயிருப்பதும் உண்மை என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கத் தெரிந்த குறிப்பேட்டை வாங்குங்கள். மூத்த மகனைப் பற்றியும் அதில் ஒரு நாளாவது இருக்க வேண்டும். ‘இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து’ என்கிற அவனும் வீட்டுக்குள்ளேயே கூலிக்காரனாக வாழ்ந்தவன்தான். சபையில் ஓடி ஓடி உழைத்துத் தன் மதிப்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறவர்களின் நோய் அது. அவர்களுக்கென்று எழுதின குறிப்பேடு அரிது.

அமைப்பில் பார்க்க வேண்டியது, நாள் எண். ‘நாள் 1, நாள் 2’ என்று அச்சிட்ட ஏட்டில் பதினேழாம் நாள் விட்டுப்போனால், இருபதாம் நாள் ஏட்டைத் திறக்கவே குற்ற உணர்வு தடுக்கும். முதல் பக்கத்தில் ‘நிபந்தனையற்ற அன்பு’, அடுத்த பக்கங்களில் வருகைப் பதிவேடு. ‘இன்று உன் மதிப்பு பத்துக்கு எத்தனை’ என்று கட்டம் போட்டிருந்தால் அதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். ஆப்களின் கதையும் இதேதான், இன்னும் கூர்மையாக. விடாமல் திறந்த நாட்களை எண்ணிக் காட்டுவதும், விட்டால் நெருப்புச் சின்னம் அணைவதும், தேவனோடு உள்ள உறவைத் தொடர் சாதனையாக மாற்றிவிடும். அமைப்புகளில் அந்த அறிவிப்பை அணைக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள். ஆப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

குறிப்பேடு எதுவானாலும், அதன் வரிசையை விட்டுவிட்டு ஒரு வாரத்துக்கு ஒரே பகுதி என்று பயன்படுத்தினால் பலன் கூடும். தினம் பதினைந்து நிமிடம் போதும். முதல் நாள், வசனத்தை மட்டும் வாசிக்காமல் அதிகாரம் முழுவதையும் வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் நாள், வினைச்சொற்களின் கீழே கோடிட்டு, அவற்றைச் செய்வது யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். மூன்றாம் நாள்தான் கடினம்: உள்ளே ஓடும் குற்றச்சாட்டை அதன் சொந்த வார்த்தையிலேயே எழுத வேண்டும். பெரும்பாலோர் இங்கே ‘தாழ்வு மனப்பான்மை’ என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். அது தலைப்பு, குற்றச்சாட்டு அல்ல. ‘நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது’ என்பது குற்றச்சாட்டு. எந்தக் குரலில் கேட்கிறது என்பதையும் எழுதுங்கள். அநேகமாக அது தெரிந்த ஒருவரின் குரலாக இருக்கும். நான்காம் நாள் அதற்கு வசனத்தால் பதில் சொல்லாமல், இருக்கிறபடியே தேவனிடம் சொல்லுங்கள். ‘எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் அதற்கு மாதிரி. இந்த ஒரு நாளைத் தாண்டிக் குதிப்பதால்தான் வசனம் சீழ் கட்டிய புண்ணின்மேல் ஒட்டிய பிளாஸ்திரியாகிவிடுகிறது. ஐந்தாம் நாள் குற்றச்சாட்டையும் பகுதியையும் அருகருகே வைத்து வாசித்து, எந்தச் சொல் நேராக எதிர்நிற்கிறது என்று ஒன்றை மட்டும் எடுங்கள். ஆறாம் நாள், வேறொருவருக்குச் சின்னதாக ஒன்று, யாருக்கும் தெரியாமல். பெரிதாகச் செய்யப்போனால் அதுவும் தகுதியை நிரூபிக்கும் வேலையாகிவிடும். ஏழாம் நாள் ஒன்றும் எழுத வேண்டாம்.

பலன் ‘உணர்வு’ வடிவில் வந்தாக வேண்டும் என்று எந்தக் குறிப்பேடு சொன்னாலும் நம்பாதீர்கள். ஜெனிஃபர் கிராக்கரும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட அளவுகோல், மனிதர்கள் தங்கள் மதிப்பை எதன்மேல் கட்டுகிறார்கள் என்று ஏழு துறைகளாகப் பிரிக்கிறது. தோற்றம், பிறர் ஒப்புதல், போட்டி, படிப்பு, குடும்பம், ஒழுக்கம் என்று போய் ஏழாவதாகத் தேவனுடைய அன்பு வருகிறது. ஆக, அதன்மேல் கட்டுகிறவர்கள் உண்டு என்பது உளவியலுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ‘அவருடைய அன்பை உணர்ந்தால் உயர்வேன், உணராவிட்டால் தாழ்வேன்’ என்று கட்டினால் அதுவும் மற்ற ஆறைப் போல ஏறி இறங்கும். ‘நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து’ (1 யோவான் 3:20) என்கிற வசனம், உணர்வு ஒத்துழைக்காத நாளுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. பெட்டியில் இந்த அட்டை இல்லாவிட்டால் நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழுப் பாடங்களில் புத்தகத்தைவிட நடத்துகிறவர்தான் சரக்கு. ஆறு முதல் எட்டுப் பேர் நல்ல அளவு. பன்னிரண்டு ஆனால் இருவர் பேசுவார்கள், பத்துப் பேர் கேட்பார்கள். முதல் கூட்டத்திலேயே இங்கே பேசியது வெளியே போகாது என்று வாயால் உறுதி வாங்கியிருக்க வேண்டும். ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் அடுத்த வீட்டுக்குப் போவதும் வெளியே போவதுதான். ஒருவர் தன் காயத்தைச் சொல்லி முடித்த உடனே இன்னொருவர் வசனம் எடுத்துக் கொடுக்கிற குழுவில் மூன்றாம் வாரம் யாரும் உண்மை பேச மாட்டார்கள். நடத்துகிறவரின் கையேட்டில் அமைதியாக இருக்க வேண்டிய இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எழுதியவருக்கு வேலை தெரியும்.

எதை வாங்கினாலும் இரண்டு இடத்தில் உடனே மூடி வைத்துவிட வேண்டும். ஒன்று, அடியையும் அவமதிப்பையும் ‘தாழ்மையாகப் பொறுத்துக்கொள்’ என்று போதிக்கும் பக்கம். மற்றது, ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு’ என்ற வரி. 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல என்று சாவைக் கேட்கிறான். தேவன் அவனுக்கு உடனே பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போயிருந்தால் மருத்துவரிடம் போவது அந்த வரிசைக்கு முற்றிலும் பொருந்தும். சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அட்டை, ஏடு எல்லாம் பிறகு. அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, எங்கள் தேர்வைக் கேட்டால்: அச்சடித்த பெட்டியைவிட எழுதாத வெற்று அட்டைக் கட்டும் ஒரு பேனாவும். ஏசாயா 43:1-4, செப்பனியா 3:17, லூக்கா 12:6-7, லூக்கா 15:20-24, ரோமர் 5:8, எபேசியர் 2:10, 1 யோவான் 3:19-20 என்று ஏழு போதும், ஏழு வாரத்துக்கு வரும். முன்பக்கம் வசனத்தை வெட்டாமல் கையால் எழுதி, பின்பக்கம் யார் யாரிடம் எப்போது சொன்னது என்று இரண்டு வரி. அன்பளிப்பாகக் கொடுப்பதானால் முழுப் பெட்டியை நீட்டாதீர்கள். ‘உனக்குத் தாழ்வு மனப்பான்மை’ என்று சொன்னதாகவே வாங்குகிறவருக்குப் படும். ஒரே ஒரு அட்டை, உங்கள் கையெழுத்தில், அந்தக் கொசுறுக் குருவி வசனமாக இருந்தால் இன்னும் நல்லது.